ஏஐ முகவருக்கு ஒரு செய்திக் கருவி: எல்லாரும் படித்ததா, ஊரார் தேடுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒன்று உண்டு. காலையில் பசியாறி முடிப்பதற்குள் அன்றைய செய்திகள் பத்து அதில் வந்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நெடுங்காலம் அந்தப் பத்தையும் கையால் தேர்ந்து தட்டச்சு செய்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், கண் அறுவைக்குப் பின் திரையை வெகுநேரம் பார்க்க இயலாமற்போகவே, "தம்பி, நீதான் கணினியோடு பிழைக்கிறவன், ஏஐ அது இது என்கிறார்களே, அதை வைத்து இதற்கு ஒரு வழி பண்ணிக் கொடு" என்று பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, ஒரு கருவியைக் கட்டுவதற்கு முன் மூன்று முடிவுகளை எடுத்தாக வேண்டும் என்பது புலப்பட்டது. செய்தியை எங்கிருந்து எடுப்பது, பலராலும் பேசப்படும் செய்தி எது என்பதை எந்த அளவுகோலால் தீர்மானிப்பது, எடுத்ததை முகவரிடம், அதாவது கருவிகளை அழைத்து நமக்காக வேலை செய்யும் ஏஐ நிரலிடம், எந்த வழியில் சேர்ப்பது என்பவையே அவை. முதலாவதும் மூன்றாவதும் சில நாள்களில் தீர்ந்துவிட்டன. இரண்டாவது என்னை வாரக்கணக்கில் அலைக்கழித்தது. இக்கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

கருவி என்று நான் சொல்வது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். முகவரின் மூளையாக இருக்கும் மொழி மாதிரி தன் பயிற்சி முடிந்த நாளுக்குப் பிந்திய எதையும் தானாக அறியாது. அதற்கு நாம் ஒரு செயற்கூற்றை, அதாவது ஒரு வேலையைச் செய்துதரும் சிறு நிரலைப் பெயரோடும் விளக்கத்தோடும் அறிமுகம் செய்துவைக்கிறோம். தேவைப்படும்போது மாதிரி அப்பெயரைச் சொல்லி அழைக்கிறது. நம் நிரல் ஓடி விடையைத் திருப்பித் தருகிறது. அவ்விடையைக் கொண்டு மாதிரி சுருக்கம் எழுதுகிறது. ஆகவே முகவர் எழுதும் சுருக்கத்தின் தரம், கருவி எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.

மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் நீண்ட விவாதத்திற்கு இடமில்லை. முகவரிடம் ஓர் உலாவியையே கொடுத்து, நீயே போய்ப் பார்த்துக்கொள் என்று விட்டுவிடலாம். ஆனால் அது நாளுக்கொரு பாதையில் சென்று, விளம்பரங்களையும் பட்டியல்களையும் சேர்த்தே படித்து, டோக்கன்களை (மாதிரி படிக்கும் எழுத்துத் துண்டுகளை) வீணே கரைத்துவிட்டுத் திரும்பும். ஓபன்ஏஐ 2023 ஜூனில் தன் ஏபிஐயில் (பிற நிரல்கள் தன்னை அழைக்கும் வாயிலில்) கொண்டுவந்த செயற்கூற்று அழைப்பைப் போல, ஒவ்வொரு நிறுவனமும் தரும் முறையில் எழுதலாம். மாதிரியை மாற்றினால் இணைப்பையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்னும் நெறிமுறை இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஜேசன்-ஆர்பிசி 2.0 என்ற பழகிய அடித்தளத்தின் மீது எழுந்த அதனைப் பிற பெரிய நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டதால், ஒருமுறை எழுதிய கருவியைப் பல முகவர்களிடம் மாட்டிவிட முடிகிறது. அதிலும் இரு வழிகள் உள்ளன. ஒன்றில் நிரல் அதே கணினியில் ஓடி, நிலை உள்ளீடு வெளியீடு (stdin, stdout) வழியே பேசும். மற்றொன்றில் தனி வழங்கியாக (சர்வராக) நின்று, வலைத்தளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி வழியே பேசும். ஒரு வீட்டில், ஒரு பழைய மடிக்கணினியில், நாளுக்கு ஒருமுறை ஓடப்போகும் வேலைக்கு வழங்கி வாடகை கட்டுவது வீண் என்பதால் முதல் வழியைத் தேர்ந்தேன். ஒரே எச்சரிக்கை: இவ்வழியில் நிலை வெளியீட்டில் பிழைதிருத்தக் குறிப்பு ஒன்றை அச்சிட்டாலும் முகவர் அதை நெறிமுறைச் செய்தியாகக் கருதிக் குழம்பிவிடும். என் முதல் மாலை முழுவதும் அப்படித்தான் வீணாகியது.

எங்கிருந்து எடுப்பது

பழகிப் பார்க்க, தொழில்நுட்பச் செய்திகளைத் திரட்டும் ஹேக்கர் நியூஸ் தளத்தை எடுத்துக்கொண்டேன். ஒய் காம்பினேட்டர் நிறுவனம் 2007 முதல் நடத்திவரும் இத்தளத்தில் வாசகர்களே இணைப்புகளை இடுகிறார்கள், வாசகர்களே வாக்களிக்கிறார்கள். அதன் அதிகாரபூர்வ ஏபிஐக்குத் திறவுகோல் (கடவுச்சொல் போன்ற குறி) தேவையில்லை, பதிவும் தேவையில்லை. முன்னணிச் செய்திகளைக் கேட்டால் 500 வரையிலான எண்களின் பட்டியல் ஒன்று வரும்; தலைப்பு, வாக்கு, நேரம் ஆகியவற்றை அறிய ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே மறுபடி கேட்க வேண்டும். முப்பது செய்தி வேண்டுமென்றால் முப்பத்தொரு அழைப்புகள். அவற்றை ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம் என்றாலும், அல்கோலியா நிறுவனம் நடத்தும் தேடல் ஏபிஐயில் முதற்பக்கச் செய்திகள் அனைத்தையும் தலைப்பு, வாக்கு, கருத்துகளின் எண்ணிக்கையோடு ஒரே அழைப்பில் பெற முடிவதால் அதுவே வசதி. முகவருக்கான கருவி கட்டக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்றே சொல்வேன். ஆனால் எங்கள் குழுவில் செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்தவர்களும், இன்றும் இரண்டு ஏக்கர் பால்மரத்தை விடாமல் வைத்திருப்பவர்களும், பக்கத்து நகரமான இப்போவுக்கு வேலைக்குப் போய்வருபவர்களும் இருக்கிறார்கள். சிலிக்கன் பள்ளத்தாக்கில் யார் எந்தத் தரவுத்தளத்தைத் திருத்தி எழுதினார் என்பது அவர்களுடைய காலைக்கு எவ்விதத்திலும் பயன்படாது.

ஆகவே உள்நாட்டுச் செய்தித் தளங்களை நோக்கித் திரும்பினேன். பக்கங்களை நேரடியாக உரித்தெடுக்கும் முறைதான் முதலில் கவர்ந்தது, ஏனெனில் சில தளங்களின் ஓரத்தில் ‘அதிகம் வாசிக்கப்பட்டவை’ என்ற பட்டியல் இருக்கும். நாம் தேடும் பொருள் சமைத்துப் பரிமாறியதுபோல் அங்கேயே இருக்கிறது. தானியங்கி நிரல்களுக்குத் தளம் விதிக்கும் ரோபோட்ஸ் கோப்பு எதை அனுமதிக்கிறது, எதை மறுக்கிறது என்று பார்த்துவிட்டு, அனுமதித்த தளங்களுக்கு மட்டும் நிரல் எழுதினேன். அது பதினோரு நாள் நன்றாக ஓடியது. பன்னிரண்டாம் நாள் ஒரு நாளிதழின் தளம் தன் வடிவமைப்பை மாற்றிக்கொண்டது. நிரல் எதையும் கண்டுபிடிக்காமல் வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தந்தது. முகவரோ வெறுங்கையோடு திரும்பக் கூசியதுபோல், முந்தைய நாள் செய்திகளின் சாயலில் மூன்று தலைப்புகளைத் தானே இட்டுக்கட்டிவிட்டது. அவற்றில் ஒன்று, நடக்காத ஒரு சாலை விபத்து. ஆசிரியர் அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்து, "இது எந்தப் பேப்பரில் வந்தது, தம்பி?" என்று கேட்டதால் தப்பித்தோம்.

தவறு தளத்தினுடையது அன்று. அடுத்தவர் வீட்டுச் சுவரின் அமைப்பை நம்பிக் கூரை வேய்ந்தது என் தவறு. வெற்றுப் பட்டியலை வெற்றியாகத் திருப்பித் தந்தது அதைவிடப் பெரிய தவறு. எம்சிபியில் ஒரு கருவியின் விடை பிழை என்று குறிப்பதற்கென்றே ஒரு கொடி இருக்கிறது. அதை உயர்த்தி, ‘இம்மூலத்திலிருந்து இன்று எதுவும் பெற முடியவில்லை, இதைச் சுருக்கத்தில் அப்படியே குறிப்பிடுக’ என்று தெளிவான வாசகத்தோடு திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகு இட்டுக்கட்டுதல் நின்றது.

வணிக ஏபிஐகளைச் சுருக்கமாகவே பார்த்தேன். நியூஸ்ஏபிஐ போன்றவை பல்லாயிரம் மூலங்களை ஒரே வடிவத்தில் தருகின்றன. முன்னணித் தலைப்புகளுக்கென்று தனி அழைப்பும் உண்டு. ஆனால் அதன் இலவசத் திட்டம் நிரல் எழுதிச் சோதிப்பதற்கானது. நாளுக்கு 100 அழைப்புகள், செய்திகளும் 24 மணி நேரம் தாமதித்தே கிடைக்கும். காலைச் செய்திக்கு ஒரு நாள் தாமதம் என்றால் அது செய்தியே அன்று. மேலும் அது ஆதரிக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. கூகுள் நியூஸின் ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது புதிய செய்திகளை நிரல்கள் படிக்கும் வடிவில் தரும் பட்டியல், இலவசமானது, தமிழும் உண்டு. எனினும் அங்கே தமிழைத் தேர்ந்தால் கூடவே இந்தியாவும் வந்துவிடுகிறது. சென்னையின் மழைநிலவரம் பேராக்கில் இருக்கும் எங்களுக்கு எதற்கு?

எஞ்சியது செய்தித் தளங்கள் தாமே வெளியிடும் ஆர்எஸ்எஸ் ஓடைகள். 1999இல் நெட்ஸ்கேப் தொடங்கிவைத்த இந்த வடிவம் பழையது, அழகற்றது, பலரால் இறந்துவிட்டதாகக் கருதப்படுவது. ஆயினும் உள்நாட்டுத் தளங்கள் பல வேர்ட்பிரஸ் என்னும் தள மென்பொருளில் இயங்குவதால், முகவரியின் இறுதியில் ஃபீட் என்ற சொல்லைச் சேர்த்தாலே பெரும்பாலும் ஓடை கிடைத்துவிடுகிறது. தளத்தின் தோற்றம் எத்தனை முறை மாறினாலும் ஓடையின் வடிவம் மாறுவதில்லை. மாற்றமில்லாத நாளில் 304 என்ற ஒற்றை விடையோடு வழங்கி நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவதால் இருவருக்கும் சுமையில்லை. தலைப்பும் சுருக்கமும் இணைப்பும் மட்டும் வருவதால் முழுக் கட்டுரையை நகலெடுக்கும் பதிப்புரிமைச் சிக்கலும் எழுவதில்லை. தமிழ்த் தளங்கள் நான்கு, மலாய், ஆங்கிலத் தளங்கள் பன்னிரண்டு எனப் பதினாறு ஓடைகளை இணைத்தேன். நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகுதான் அதன் பெருங்குறை உறைத்தது: ஓடையில் நேரம் இருக்கிறது, வாசக எண்ணிக்கை இல்லை. நம்பகமான மூலம் கிடைத்துவிட்டது. நான் தேடிப்போன பொருள் மட்டும் அதில் இல்லை.

பேசப்படுவது என்றால் யாரால்?

வாக்கு இல்லாத இடத்தில் வாக்குக்கு ஈடாக எதை வைப்பது? ஒரே செய்தியை எத்தனை தளங்கள் வெளியிட்டிருக்கின்றன என்பதை எண்ணுவதே கைக்கெட்டிய வழி. அவ்வெண்ணை ஹேக்கர் நியூஸின் பரவலாக அறியப்பட்ட வரிசைச் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தேன். வாக்கிலிருந்து ஒன்றைக் கழித்து, செய்தியின் வயதை மணியில் எடுத்து அதனோடு இரண்டைக் கூட்டி 1.8 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதனால் வகுப்பது அச்சூத்திரம். விடியற்காலை இரண்டு மணி நேரத்திற்கு முன் மூன்று தளங்களில் வந்த ஒரு செய்தி அதன்படி சுமார் 0.165 பெறுகிறது, முந்தைய இரவு, பத்து மணி நேரத்திற்கு முன், ஐந்து தளங்களில் வந்த செய்தி சுமார் 0.046 மட்டுமே பெறுகிறது. இரவில் நாடே பேசிய செய்தி காலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. நொடிக்கு நொடி பக்கத்தைப் புதுப்பித்துப் பார்ப்பவர்களுக்காக அமைந்த சூத்திரம் அது. நாளுக்கு ஒருமுறை படிப்பவர்களுக்கு அது பொருந்தாது. அடுக்கை 0.5 ஆகக் குறைத்தபோது அவை முறையே 1, 1.15 என்றாகி, இரவுச் செய்தி மேலே வந்தது. ஒரு எண்ணை மாற்றினால் முதற்பக்கமே மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, எந்தத் தளத்தின் முன்னணிப் பட்டியலையும் பழைய நம்பிக்கையோடு என்னால் படிக்க முடியவில்லை.

அடுத்த சிக்கல் மொழியிலிருந்து வந்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோன பிறகு இந்நாட்டில் எஞ்சியுள்ள தமிழ் நாளிதழ்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். தமிழ்ப்பள்ளி பற்றிய ஒரு செய்தியை எல்லாத் தமிழ் ஊடகங்களும் வெளியிட்டாலும் என் கணக்கில் அதற்கு நான்குக்கு மேல் கிடைக்க வழியில்லை. மலாய், ஆங்கிலத் தளங்களில் வரும் நடிகர் திருமணம் ஏழோ எட்டோ பெற்றுவிடும். ஆகவே வெறும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்தந்த மொழித் தொகுதியில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டேன். நான்கில் மூன்று என்பது 0.75, பன்னிரண்டில் ஆறு என்பது 0.5. இப்போது தமிழ்ப்பள்ளி மேலே வருகிறது. இது நடுநிலையா என்று கேட்டால், எங்கள் குழுவுக்கு ஏற்ற சாய்வு என்றே பதில் சொல்வேன்.

ஒரே செய்தி என்று கண்டறிவதும் எளிதன்று. தமிழில் ‘கொ’ என்ற எழுத்தில் ககரத்தோடு சேரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்புக்கும் காலுக்கும் தனித்தனிக் குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பிடும் நிரலுக்கு அவை இரு வேறு சொற்கள். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு இயல்பாக்கத்தை முதல் வேலையாகச் செய்தால் இது தீரும். எங்கள் ஊரின் பெயரைச் சிப்புட் என்றும் சிப்புட்டு என்றும் சிப்பூட் என்றும் எழுதுகிறார்களே, அதை எந்த இயல்பாக்கமும் தீர்க்காது. மாற்று எழுத்துகளின் அட்டவணை ஒன்றைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். தலைப்பு நீண்டால் குறிகளை எண்ணி வெட்டுவதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘தமிழ்’ என்பது கணினிக்கு ஐந்து குறிகள். நான்கோடு வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். எழுத்து முழுமையாக முடியும் இடம் பார்த்தே வெட்ட வேண்டும். நேரத்திலும் கவனம் தேவை. 1982இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன் தள்ளியது முதல் நாம் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னே இருக்கிறோம். அதைக் குறிப்பிடாமல் விட்டால் விடியற்காலைச் செய்திகள் அனைத்தும் முகவரின் கணக்கில் நேற்றையவை ஆகிவிடும்.

இவ்வளவும் சரிசெய்து ஒரு வாரம் ஓடவிட்ட பிறகு, ஆசிரியர் தந்த மதிப்பீடு ஒரே வாக்கியம்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா நம்ம ஊரு எங்கே?"

சூத்திரத்தைத் திரும்பப் பார்த்தேன். எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழிப்பதால், ஒரே ஒரு தளத்தில் வந்த செய்தியின் மதிப்பு பூஜ்யம். கோயில் திருவிழாவுக்காகச் சாலை அடைப்பு, தோட்டத்து லயங்களில் எஞ்சியிருக்கும் குடும்பங்களுக்கு வீடு, பள்ளிக்குப் புதிய கட்டடம் போன்றவை எப்போதும் ஏதோ ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செய்தியாளர் எழுதியவையாகவே இருக்கும். மொழிப் பங்கு கணக்கிட்டாலும் அவை மேலே வரப்போவதில்லை. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊரைச் சுற்றிய தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுடப்பட்டு, அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலம் பிறந்தது. அன்றைய செய்தியை எந்த அளவுகோலும் முதலிடத்தில் வைத்திருக்கும். அதற்கு முன்னும் பின்னும் இங்கே பால் வெட்டியவர்களின் எந்த ஒரு சாதாரண நாளையும் அதே அளவுகோல் பூஜ்யம் என்றே மதித்திருக்கும். அடுக்கை எவ்வளவு குறைத்தாலும் இது மாறாது, ஏனெனில் எவ்வளவு பரவியது என்று கேட்பதும் ஊருக்கு எவ்வளவு அருகில் என்று கேட்பதும் இரு வேறு கேள்விகள்.

அதனால் ஒரே கருவிக்குள் எல்லாவற்றையும் திணிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒன்று பரவலான செய்திகளைத் தரும்; மற்றொன்று ஊர்ப்பெயர் அகராதியைக் கொண்டு வடிகட்டும், அதில் வரிசை முழுக்க நேரப்படியே. இரண்டாவதிலும் சங்கடம் இல்லாமலில்லை. மலாக்காவிலும் ஒரு சுங்கை சிப்புட் இருக்கிறது. எங்கள் ஊரின் பெயருக்குப் பின்னால் உத்தாரா (மலாயில் வடக்கு) என்று சேர்த்து எழுதுவதுண்டு. செய்தியில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். பேராக், கோலகங்சார், இப்போ ஆகியவற்றில் ஒன்றாவது அதே செய்தியில் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள் என்று விதி வைத்தேன். சில உண்மையான செய்திகள் இதனால் தவறுகின்றன. அயலூர் நீர்த்தடையை எங்கள் ஊருடையதாக அறிவித்துக் குடங்களை நிரப்ப வைப்பதைவிட அது மேல்.

இரண்டு கருவிகளின் விடையிலும் ஒவ்வொரு செய்தியோடும் ஒரு கூடுதல் புலத்தைச் சேர்த்திருக்கிறேன்: இது ஏன் பட்டியலில் இருக்கிறது என்பது. ‘நான்கு தமிழ்த் தளங்களில் மூன்றில் வந்தது’ என்றோ ‘ஊர்ப்பெயர் பொருந்தியது, ஒரே மூலம்’ என்றோ அதில் இருக்கும். முகவர் அதைச் சுருக்கத்தின் முடிவில் அப்படியே எழுத வேண்டும். வெறும் மதிப்பெண்ணைக் கொடுத்தால் முகவர் ‘மக்களிடையே பெரும் பரபரப்பு’ என்று அதற்கு மெருகேற்றிவிடுகிறது. காரணத்தைக் கொடுத்தால் அடக்கமாக எழுதுகிறது.

ரப்பர் விலையையும் சேர்க்கச் சொல்லி மூன்று பேர் கேட்டார்கள். மலேசிய ரப்பர் வாரியம் நாள்தோறும் விலை வெளியிடுகிறது. கட்டிப்பால் விற்பவருக்கு அதைவிட அவசரமான செய்தி வேறில்லை. ஆனால் எண்ணை எண்ணாகவே எடுக்க வேண்டும், தலைப்பிலிருந்து முகவர் ஊகிக்க விடக்கூடாது என்பதால் அதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

இறுதியாக அனுப்பும் பொறுப்பு. பிறர் எழுதிய வாசகம் முகவரின் கண்ணில் படும் எந்தக் கருவியிலும், அவ்வாசகத்துக்குள் முகவருக்கான கட்டளையை யாரேனும் ஒளித்துவைக்கும் அபாயம் உண்டு. யாரும் இணைப்பு இடக்கூடிய தளத்தில் அது மிகுதி, ஆசிரியர் குழு உள்ள நாளிதழின் ஓடையில் குறைவு, எங்கும் பூஜ்யமன்று. படிக்கும் கருவியையும் அனுப்பும் கருவியையும் ஒரே முகவரிடம் கொடுத்தால், ஒளிந்திருக்கும் ஒரு வரி எங்கள் குழுவில் உள்ள அனைவருக்கும் போய்ச் சேர முடியும். எனவே என் இரண்டு கருவிகளும் படிக்க மட்டுமே வல்லவை. சுருக்கம் காலை ஆறு மணிக்குப் பெரிய எழுத்தில் ஆசிரியரின் திறன்பேசிக்கு மட்டும் வருகிறது; அவர் படித்து, வேண்டாததை நீக்கி, தாமே குழுவில் இடுகிறார். நான் பரவலான செய்திகளை மேலேயும் ஊர்ச்செய்திகளைக் கீழேயும் வைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாளிலிருந்து அவர் அவற்றை இடம்மாற்றியே அனுப்பி வருகிறார். நிரலிலும் அப்படியே மாற்றிவிட்டேன்.